பீப்பீ ஊதினால் பேச்சு வருமா?

மூன்று வயதாகியும் பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் 1990-களின் மாயவரத்தில் அதற்கென்று ஒரு வரிசை இருந்தது. "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும். அவங்கப்பன் நாலு வயசுலதான் அம்மான்னான்" என்று பாட்டி ஆரம்பிப்பார். பிறகு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சீர்காழிக்குப் பக்கத்திலேயே திருக்கோலக்கா. சம்பந்தர் கைக்கு வந்த பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்தவள் என்பதால் அங்கே அம்பாளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்றே பெயர். தாளத்துக்கே ஓசை கொடுத்தவள் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டாளா என்று வேண்டிக்கொண்டு இன்றைக்கும் குடும்பங்கள் அங்கே வருகின்றன. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறையெல்லாம் அடுத்த படியில்தான். டாக்டர் பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். அடியில் இருக்கும் சவ்வு சற்றுக் குட்டையாகத் தெரிந்தால் கத்தரித்துவிடுவார். ரத்தம் நின்றதும் வீடே அந்த வாயைப் பார்த்தபடி காத்திருக்கும். நாக்குச் சவ்வு குட்டையாக இருந்தால் கைக்குழந்தை பால் குடிக்கத் திணறலாம், சில எழுத்துகள் பிசகலாம். ஒரு குழந்தை பேச்சே எடுக்காததற்கு அது காரணமாகாது. ஆனாலும் எத்தனையோ சின்ன நாக்குகள் அன்று கத்தரிக்குத் தப்பவில்லை.

அதன் பிறகு காது. "பெரா எடுத்துப் பாத்துடுங்க" என்று மெட்ராசுக்கோ வேலூருக்கோ எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளையை மயக்கத் தூக்கத்தில் படுக்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் அந்தச் சோதனையில் காது நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டால் குடும்பத்துக்கு ஒருநாள் சந்தோஷம். மறுநாள் அதே கேள்வி: காது கேட்கிறது, நாக்கு அசைகிறது, பிறகு ஏன் பேசவில்லை? இந்த இடத்தில்தான் அன்றைய பாதை முடிந்துவிடும். "எம்.ஆர்." என்று, அதாவது மென்டல் ரிடார்டேஷன் என்று, இரண்டு எழுத்தைச் சீட்டில் எழுதி அனுப்பியவர்கள் நிறையப் பேர். ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்லக்கூடிய டாக்டர் பெரிய நகரங்களில் மட்டும், அதுவும் அபூர்வமாகக் கிடைப்பார்.

பெயர் புதிதல்ல. லியோ கானர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி அதை மருத்துவ உலகின் முன் வைத்தது 1943-ல். அந்தக் கட்டுரையிலேயே வாயைப் பற்றிய இரண்டு செய்திகள் உண்டு. 11 பேரில் 3 பேருக்குப் பேச்சு வரவில்லை. பலருக்குப் பிறந்த கொஞ்ச நாளிலேயே சாப்பாட்டில் தகராறு இருந்தது. முதல் செய்தியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதை அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. நடுவில் புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு புத்தகம் போட்டு, தாயின் பாசமின்மையே காரணம் என்று பழியைத் தூக்கித் தாய் தலையில் வைத்தார். அந்தப் புத்தகம் நம்மூருக்கு வந்ததோ இல்லையோ, பழி வந்து சேர்ந்தது. "டிவி முன்னால உக்கார வச்சுட்டு இவ வேலைக்குப் போயிட்டா" என்று சொல்ல இங்கே யாருக்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

அன்று தேடுவதென்றால் முகவரி தேடுவது. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் ஒன்று. கோயம்புத்தூர், சேலம் பக்கத்துக் குடும்பங்கள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி அங்கே காட்டிவிட்டு வரும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் நம்பிக்கை நிலையம். பிள்ளையோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி எடுக்கலாம். சென்னையில் 1985-ல் ஆரம்பித்த ஸ்பாஸ்டிக் சொசைட்டி, இன்றைக்கு வித்யாசாகர். டெல்லியில் பெற்றோர்களே சேர்ந்து 1991-ல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம். மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு தாய் இந்த முகவரிகளில் ஒன்றைச் சொல்லுவார், டயரியின் பின்னட்டையில் எழுதிக்கொள்வார்கள். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 1999-ன் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில்தான் அந்தப் பெயர் ஏறியது. சான்றிதழுக்கும் சலுகைக்கும் உரிய 21 வகைகளில் ஒன்றாக அது முழுதாக வந்து சேர்ந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வரை பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருந்தார்கள்.

இப்படி அலைந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்துவிட்டால் அவர் மேசையில் என்ன இருக்கும்? ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஐஸ்குச்சி மாதிரி மரப்பட்டை, மெழுகுவர்த்தி, படம் ஒட்டிய அட்டை. "ஆ சொல்லு, ஈ சொல்லு, ஊ சொல்லு." பார்த்துப் பின்பற்றத் தெரிந்த குழந்தைக்கு இது சரி. எதிரில் இருப்பவர் முகத்தையே பார்க்காத, வாயருகே கை வந்தாலே அலறுகிற குழந்தைக்கு அந்தக் கண்ணாடியால் என்ன பயன்? இரண்டு மூன்று மாதம் போய்வந்து, "கோஆபரேட் பண்ணமாட்டேங்கறான்" என்ற சொல்லோடு வீடு திரும்பியவர்கள்தான் அதிகம். சாப்பாட்டைப் பற்றி அந்த மேசையில் யாரும் கேட்கமாட்டார்கள். ஏழு வயசுப் பிள்ளைக்கும் பாட்டி பருப்புசாதத்தைக் குழையக் குழையப் பிசைந்து உருட்டி வாயில் வைத்துவிடுவதால், அவன் மெல்லுவதே இல்லை என்பது வீட்டுக்கே தெரியாது.

இன்றைக்கு வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ மாடிப்படி இருக்கும் தெருவாகப் பார்த்து நடந்தால் ஒரு போர்டாவது கண்ணில் படும்: ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, சென்சரி இன்டகிரேஷன், ஓரல் மோட்டார் தெரபி. பெற்றோர் வாட்ஸப் குழுக்களில் "ஸ்பீச் மூணு நாள், ஓடி ரெண்டு நாள் போகுது, ஓரல் மோட்டார் நல்லா பண்ற எடம் இருந்தா சொல்லுங்க" என்பது தினசரிச் செய்தி. கடிக்கும் ரப்பர்க் குழாய், அதிரும் பிரஷ், விதவிதமான ஊதல்கள் எல்லாம் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்துக்குப் பிறகு ஆட்டிசம் என்றால் திருப்பிக் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்', லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' என்று பெற்றோர்களே தமிழில் எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. டயரியின் பின்னட்டைக்கு வேலையில்லை.

வேறொரு வேலை வந்துவிட்டது. கிடைக்கிறதா என்பது அன்றைய கவலை. கிடைப்பது எதற்கு என்பது இன்றைய கவலையாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இல்லை. போர்டில் இருக்கும் அந்த 'ஓரல் மோட்டார்' என்ற இரண்டு சொல்லுக்குள் வெவ்வேறான இரண்டு சரக்கு இருக்கிறது. வாயால் சாப்பிடவும் குடிக்கவும் எச்சிலை விழுங்கவும் பல் தேய்க்கவும் பழக்குவது ஒன்று. ஊதலையும் நீர்க்குமிழியையும் ஊதவைத்து, நாக்கை இப்படி அப்படி ஆட்டவைத்து, அதன் வழியாகப் பேச்சை வரவழைப்பது இன்னொன்று. முதலாவதற்கு நான் கைதூக்குவேன். இரண்டாவதற்குச் சென்னைக் கட்டணத்தில் பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கச் சொல்வேன்.

முதலாவது எப்படி நடக்கிறது என்று மடிப்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு வயசுப் பையன். அவன் சாப்பிடுவது மூன்றே ஐட்டம்: மிக்ஸியில் அடித்த தயிர்சாதம், ஒரே கம்பெனியின் ஒரே பிஸ்கட், பால். சட்டையின் மார்புப் பகுதி எப்போதும் ஈரம். இட்லியைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறான். தெரபிஸ்ட் பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வந்ததும் வாயைத் தொடவில்லை. "வீட்ல எப்படி ஊட்டுவீங்களோ அப்படியே ஊட்டுங்கம்மா, நான் பாக்கறேன்" என்றார். அம்மா பையிலிருந்து டப்பாவையும் போனையும் ஒன்றாக எடுத்தார். போனில் பாட்டு ஓட, ஸ்பூன் ஸ்பூனாகத் தயிர்சாதம் உள்ளே போயிற்று. பையன் கண் திரையைவிட்டு நகரவில்லை, தாடையும் நகரவில்லை. நாலு ஸ்பூன் ஆனதும், "இப்ப போனை மூடுங்கம்மா" என்றார் தெரபிஸ்ட். வாய் பூட்டிக்கொண்டது.

"பாட்டு இல்லாம சாப்பிடவே மாட்டான் மேம்."

"தெரியும்மா. அவன் சாப்பிடல, நீங்க ஊத்தறீங்க, அவன் விழுங்கறான். வாய்க்குள்ள என்ன இருக்குன்னே அவனுக்குத் தெரியாது."

அந்தக் காலத்துப் பாட்டி நிலாவைக் காட்டிச் செய்ததை இந்தக் காலத்து அம்மா போனைக் காட்டிச் செய்கிறார் என்று சமாதானம் சொல்லலாம். நிலா காட்டிய பாட்டி பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே "மென்னு முழுங்குடா" என்றார். நிலாவுக்கும் போனுக்கும் உள்ள தூரம் அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்த இருபது நிமிஷம் ஒரு அதிரும் பிரஷ்ஷோடு போயிற்று. அதைப் பையனுடைய உள்ளங்கையில் வைத்தார். பிறகு முழங்கை, தோள், கழுத்தோரம், தாடை எலும்பு. தாடையில் பட்டதும் முகத்தைத் திருப்பினான். உடனே எடுத்துவிட்டார், மறுபடி தோளிலிருந்து தொடங்கினார். மூன்றாவது சுற்றில் அவனே பிரஷ்ஷைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கட்டாயப்படுத்தி வாயைத் திறந்து உள்ளே விட்டிருந்தால் அடுத்த வாரம் அந்த அறை வாசலிலேயே அலறியிருப்பான். புலன்கள் சிலருக்குத் தூக்கலாகவும் சிலருக்கு மந்தமாகவும் இருப்பது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு சேர்த்துக்கொண்டதே 2013-ல்தான். அதற்கு முந்தைய தலைமுறைப் பிள்ளைகளின் ஓங்கரிப்பு அத்தனையும் 'பிடிவாதம்' கணக்கில் எழுதப்பட்டது.

பிறகு சாப்பாடு. கேரட்டை நன்றாக வேகவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கி வந்திருந்தார்கள். அதை முன்பல்லிலோ நாக்கின் நடுவிலோ வைக்கவில்லை. பக்கவாட்டில் கடைவாய்ப் பல்லின்மேல் வைத்தார். நாக்கின் நடுவில் வைத்தால் அது அண்ணத்தோடு நசுக்கி விழுங்கும், இல்லை வெளியே தள்ளும். கடைவாயில் வைத்தால் நாக்கு அந்தப் பக்கம் போய்த் தேட வேண்டியிருக்கும், தாடை தானாக இறங்கி ஏறும். இரண்டு கடி கடித்தான். துப்பினான். துப்பியதற்குக் கைதட்டினார்! அம்மாவுக்குப் புரியவில்லை. "துப்பத் தெரிஞ்சா பயமில்லாம வாயில வாங்குவாம்மா. துப்பறதும் ஒரு வேலைதான்" என்றார். ஸ்ட்ராவில் உறிஞ்சத் தெரியாதவனுக்கு அட்டைப்பெட்டி ஜூஸ்; பெட்டியை லேசாக அமுக்கினால் ஜூஸ் ஸ்ட்ராவின் உச்சிக்கு வரும், உதடு மூடினால் வாயில் கிடைக்கும். நாளாக ஆக அமுக்குவதைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வீட்டுக்குப் போகும்போது வேகவைத்த முருங்கைக்காய், சப்பாத்திச் சுருள் என்று சமையலறையிலேயே கிடைக்கிற நாலைந்தை எழுதிக் கொடுத்தார். "நெலக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் முழுசா வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாய்ல போயிடும். எதக் குடுத்தாலும் பக்கத்துலயே உக்காந்து குடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

இந்தக் கைவேலை பெரும்பாலும் ஆட்டிசத்துக்காகப் பிறந்ததல்ல. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் புரையேறாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக உருவானவை பல. அந்தக் குழந்தைகளுக்குத் தசை இறுக்கமோ தளர்ச்சியோ இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியும். ஆட்டிசக் குழந்தைக்கு எல்லாத் தசையும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் தொடுஉணர்வும் பழக்கமும் தடை போடும். ஆகையால் பொறுமையாகப் பழக்குகிறவர் கையில் சாப்பாட்டுப் பக்கத்தில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மார்புத்துணி காய்கிறது, இட்லி உள்ளே போகிறது, பல் தேய்க்க நாலு பேர் பிடித்து அமுக்க வேண்டியதில்லை. பல் டாக்டரிடம் மயக்க மருந்து கொடுத்துச் சொத்தைப் பல் பிடுங்கும் நிலை வராமல் தள்ளிப்போனாலே அது பெரிய லாபம்.

இப்போது பீப்பீ. 1990-களில் அமெரிக்காவில் சில பேச்சுப் பயிற்சியாளர்கள், உதடு, நாக்கு, தாடையின் பலத்தைப் படிப்படியாகக் கூட்டினால் பேச்சுத் தெளியும் என்று முறைகளை வகுத்தார்கள். சாரா ரோசன்ஃபெல்ட்-ஜான்சனின் டாக்டூல்ஸ் முறையில் ஊதல்களுக்கே ஒரு வரிசை உண்டு, ஸ்ட்ராக்களுக்கு ஒரு வரிசை உண்டு. எளியதிலிருந்து கடினமானதுக்குப் போக வேண்டும். பயிற்சி வகுப்புகள் வழியாகவும் பெட்டி பெட்டியாகக் கருவிகள் வழியாகவும் அது உலகமெங்கும் போயிற்று. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பேசுவது வாய்தானே, வாயைப் பலப்படுத்தினால் பேச்சு வராதா?

வரும் என்பதற்கான சான்று தேடியவர்கள் கை விரித்தார்கள். மூர், ருவார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் 15 மாதக் குழந்தைகளின் தாடைத் தசைகளின் மின்னசைவைப் பதிவுசெய்து பார்த்தார்கள். மெல்லும்போது அந்தத் தசைகள் சேரும் விதம் வேறு, மழலை பேசும்போது சேரும் விதம் வேறு. தசை ஒன்றுதான், வேலை இரண்டு. நாற்று நடுகிற கையும் கோலம் போடுகிற கையும் ஒன்றுதான். ஒரு போகம் நட்டு முடித்ததால் கோலம் வந்துவிடுவதில்லை. 2008-ல் அமெரிக்காவில் லாஃப், வாட்சன் இருவரும் நடத்திய கணக்கெடுப்பில் பேச்சுப் பயிற்சியாளர்களில் 85 சதவீதம் பேர் இந்தப் பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். இத்தனை பேர் கையாளும் முறைக்கு ஆதாரம் எவ்வளவு? உச்சரிப்புக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இது உதவுகிறதா என்று காக்ரேன் அமைப்புக்காக 2015-ல் தேடியபோது தரத்தில் தேறி நின்றவை 3 சிறிய ஆய்வுகள். அவையும் உறுதியாக எதையும் சொல்லவில்லை. ஆட்டிசத்தோடு பேச்சே வராத குழந்தைகளின் கதை அந்தக் கணக்கில்கூட இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நல்ல ஆய்வு உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. மார்டன் கெர்ன்ஸ்பாக்கர் குழுவினர் 2008-ல் வெளியிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது வாயாலும் கையாலும் சின்னச் சின்ன வேலைகள் செய்ய வராத ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பின்னால் பேச்சும் குறைவாகவே வந்தது என்று அது காட்டியது. ஓரல் மோட்டார் விற்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பது சரி. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சரியாகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஊதவும் வரவில்லை, பேசவும் வரவில்லை என்றால், இரண்டுக்கும் பின்னால் அசைவைத் திட்டமிடுகிற மூளையின் சிரமம் ஒன்று இருக்கக்கூடும். அதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் பேச்சசைவிலேயே வேண்டும்: 'மா', 'பா', 'தா' என்று ஒலியோடு, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய பொருளோடு. பீப்பீயை ஊதி ஊதி ஒரு பிள்ளை பீப்பீ ஊதுவதில் தேறும். பலூன்காரருக்கு அது சந்தோஷம்.

சரி, பேச்சே வராவிட்டால்? ஆட்டிசக் குழந்தைகளில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் பள்ளி வயதிலும் மிகக் குறைந்த சொற்களோடுதான் இருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அன்று அந்தப் பிள்ளைகளுக்கு அழுகையும் கையைப் பிடித்து இழுப்பதும்தான் மொழி. இன்று படத்தைத் தொட்டால் தமிழில் குரல் கொடுக்கும் செயலி இருக்கிறது. ஆவாஸ் என்ற அந்தச் செயலி பிறந்ததே சென்னையில்தான். அஜித் நாராயணன் வித்யாசாகர் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் பழகி உருவாக்கியது. ஆனால் நம் வீடுகளில் அதற்கு ஒரு தடை: "இதப் பழக்கிட்டா அப்புறம் வாயத் தொறக்கவே மாட்டான்." 2006-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, படமும் கருவியும் பழகிய வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களில் நம்பகமாகப் பதிவான 27 பேரை எடுத்துப் பார்த்தது. ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கூடியது, கொஞ்சமாகவாவது. இவ்வளவு இருந்தும் ஊதல் வாங்க ஓடுகிற அப்பா படச் செயலி என்றதும் யோசிக்கிறார். ஊதல் பேச்சை நோக்கிப் போவதாகத் தெரிகிறது, படம் பேச்சைக் கைவிட்டதாகத் தெரிகிறது. இந்தத் தோற்றத்தை உடைப்பதுதான் இன்றைய தெரபிஸ்டுகளின் பாதி வேலை.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பதிலும் அன்றைக்கும் இன்றைக்கும் தூரம் உண்டு. 1992-ல் வந்த மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கும் சிறப்பாசிரியர்களுக்கும் பதிவை வைத்தது. பதிவானவருக்கு ஒரு சி.ஆர்.ஆர். எண் இருக்கும்; கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். ஓடி-காரர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள், அவர்களையும் உட்படுத்தி 2021-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆறு வார கோர்ஸ் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, 'ஓரல் மோட்டார் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். சென்னையில் முக்கால் மணி நேரத்துக்கு ஐந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகிறது. வாரத்துக்கு ஐந்து என்று கணக்குப் போட்டால் ஒரு குமாஸ்தா சம்பளம் அதிலேயே கரையும். நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தருகிறது. அதில் தெரபிக்கென்று ஒதுக்கியிருப்பது ஒரு பகுதிதான். ஆனாலும் எடுக்காமல் விடுவதில் அர்த்தமில்லை.

அரசுப் பக்கம் அன்று மைசூரைவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று ஏற்பாடு. டி.இ.ஐ.சி. என்றால் அரசு மருத்துவமனை வாசலில் வழி காட்டுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-லிருந்து மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனம் இருக்கிறது. மாநில அரசின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு மாவட்டத்து மையத்தில் ஒரே பேச்சுப் பயிற்சியாளர் காது கேளாத பிள்ளைகளையும் பார்த்து, பிளவு அண்ணப் பிள்ளைகளையும் பார்த்து, ஆட்டிசப் பிள்ளைகளையும் பார்த்தால் ஒருவருக்கு மாதத்தில் எத்தனை முறை வரும்? இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாவுக்கு அதுவும் போய்வருகிற ஒரு முழுநாள்.

அதனால்தான் தெரபி அறையைவிட வீட்டில் நடப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. அங்கே பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பட்டம் வாங்கிய நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண நலப்பணியாளர்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பெற்றோரும் பார்த்து, அவன் காட்டும் சின்னச் சைகைக்கும் பதில் கொடுக்கப் பழகினார்கள். பிள்ளைகள் தாமாக வந்து தொடர்புகொள்வது கூடியது. அன்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதற்கும் இன்று அவரைப் பயிற்சியாளராக்குவதற்கும் நடுவில் நிறைய மாறியிருக்கிறது. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சமையல், ஆபீஸ், மாமியார் மருந்து எல்லாவற்றுக்கும் மேல் இப்போது தெரபியும் அம்மா தலையில். அப்பாக்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டிவிட்டுக் காரில் காத்திருக்கிறார்கள்.

மடிப்பாக்கத்தில் நான் பார்த்த அந்தப் பையனின் அப்பா அன்றைக்கு மாடிக்கு ஏறி வந்தார். ரிவ்யூ நாள். தெரபிஸ்ட் ஒரு சாதாரண ரூல்டு நோட்டைத் திறந்து நீட்டினார். 'வாய்' என்று தலைப்பிட்ட பக்கத்தில் மூன்று வரி: தயிர்சாதம் மிக்ஸியில் அடிக்காமல், கையால் மட்டும் மசித்து. போன் இல்லாமல் ஐந்து வாய். பிரஷ் கடைவாய்ப் பல் வரை. எதிரே பென்சிலால் தேதிகள்.

"இதெல்லாம் சரி மேடம். பேச்சு எப்ப வரும்?"

"அதுக்கு வேற பக்கம் சார். திருப்புங்க."

அந்தப் பக்கத்தில் முதல் வரி: தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்து அப்பா கையில் கொடுக்க வேண்டும். 'அப்பா' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டிருந்தது. வீட்டில் தினமும் பத்து தடவை, அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அவர் படித்துவிட்டு, "பத்து தடவை அவனுக்குத் தாகம் எடுக்குமா மேடம்?" என்றார்.

"சின்ன டம்ளரா வாங்குங்க சார்."